பரணும் குளியல்தொட்டியும்: லீ மில்லரை யார் பார்க்கிறார்கள்?

1

எலன் குராஸ் இயக்கிய ‘லீ’ (2023) படத்தை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை தொண்டை அடைத்தது. இரண்டாவது தடவை எரிச்சல் வந்தது. ஒரே படம் ஒரே ஆளை ஏன் இரண்டு மாதிரி ஆக்கியது என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. படத்தின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை.

1977. இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீடு. வயதான லீ மில்லர் (கேட் வின்ஸ்லெட்) சிகரெட்டும் மதுவுமாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஓர் இளைஞன் (ஜாஷ் ஓ’கானர்) பேட்டி எடுக்கிறான். நடுவில் பழைய புகைப்படங்கள். ஒவ்வொன்றாகப் பேச்சில் வர வர, இரண்டாம் உலகப் போர் நம் முன் விரிகிறது. குண்டு விழும் லண்டன், நார்மண்டியின் கள மருத்துவமனை, பாரிஸ், டாஹாவ் வதைமுகாம். கடைசியில்தான் தெரிகிறது, அந்த இளைஞன் பத்திரிகைக்காரன் இல்லை, அவருடைய மகன் ஆன்டனி. அந்தப் பேட்டியும் நடக்கவே இல்லை. அம்மா இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன பொருட்களுக்கு நடுவே உட்கார்ந்து, உயிரோடு இருந்தபோது கேட்காத கேள்விகளை மகன் கற்பனையில் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

முதல் தடவை தொண்டை அடைத்தது இந்த இடத்தில்தான். இரண்டாவது தடவை எரிச்சல் வந்ததும் இங்கேதான். முடிவு முன்பே தெரிந்துவிட்டதால் இரண்டாம் முறை நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான போர்ப் புகைப்படக்காரர்களில் ஒருவருடைய மொத்த உழைப்பும் அந்த நாற்காலியிலிருந்து பார்க்கப்படுகிறது. அம்மா ஏன் என்னிடம் அப்படி இருந்தாள் என்ற கேள்விக்கு டாஹாவ் ஒரு பதிலாகிவிடுகிறது.

லீ மில்லரைப் பற்றி எங்கே படித்தாலும் கதை பெரும்பாலும் இதே வடிவத்தில்தான் வரும். தாயாகும் முன் அவர் ஒரு சாகசக்காரி. அப்புறம் ஒரு குழந்தை, ஒரு பண்ணை வீடு, மது, மௌனம். நடுவில் கோடு போட்டதுபோல இரண்டு பாதிகள். இந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறதா?

2

முதலில் அந்த ‘முன்’ என்ன என்று பார்த்துவிடலாம்.

லீ மில்லர் 1907இல் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸி என்ற ஊரில் பிறந்தார். அப்பா தியோடர் ஒரு எஞ்சினியர், ஆர்வத்துக்காகப் புகைப்படம் எடுப்பவர். மகளையே ஓயாமல் எடுத்தார். மகள் வளர்ந்து பெரியவளான பிறகும் நிர்வாணமாக நிற்கவைத்து எடுத்தார். ஏழு வயதில் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவனால் லீ வன்புணர்வு செய்யப்பட்டார், பால்வினை நோயும் தொற்றியது. கேமராவுக்கு முன் உட்காருவதும் உடம்பு தன்னுடையதாக இல்லாமல் போவதும் அவருக்கு ஒரே வயதில் அறிமுகமாயின.

இருபது வயதை நெருங்கும்போது மன்ஹாட்டன் தெருவில் ஒரு வண்டியின் முன்னால் கால் வைக்கப்போனவரை ஒருவர் பிடித்து இழுத்தார். அவர் காண்டே நாஸ்ட், ‘வோக்’ பத்திரிகையின் முதலாளி. 1927 மார்ச் இதழின் அட்டையில் லீயின் முகம் ஓவியமாக வந்தது. அடுத்த வருடம், எட்வர்ட் ஸ்டைகன் எடுத்த அவருடைய படம் ஒன்று மாதவிடாய் நாப்கின் விளம்பரத்துக்குப் போனது. நிஜமான ஒரு பெண்ணின் முகம் அப்படியொரு விளம்பரத்தில் வருவது அன்றைக்குப் பெரிய அவமானம். மாடலிங் வாழ்க்கைக்கு அது ஓர் அடி.

1929இல் பாரிஸ். மான் ரேயிடம் போய் உங்களிடம் கற்றுக்கொள்ளப்போகிறேன் என்றார். மாணவி, உதவியாளர், காதலி, மாடல் என எல்லாமாக இருந்தார். இருட்டறையில் நெகட்டிவ் மேல் வெளிச்சம் பட்டு உருவங்களின் ஓரங்களில் கருங்கோடு விழும் ‘சோலரைசேஷன்’ உத்தியை இருவரும் சேர்ந்தே வளர்த்தார்கள். பெயர் நெடுநாள் மான் ரேக்கு மட்டும் போனது. ழான் காக்தூவின் ஒரு படத்தில் உயிர்பெறும் சிலையாக நடித்தார். பிறகு நியூயார்க்கில் சொந்த ஸ்டூடியோ. 1934இல் எகிப்தியரான அஸீஸ் எலூயி பேயைத் திருமணம் செய்துகொண்டு கெய்ரோ. 1937இல் ரோலண்ட் பென்ரோஸைச் சந்தித்து, 1939இல் லண்டன்.

‘லீ’ படம் இந்த வருடங்களை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியாதுதான். ஆனால் விட்டுப்போனது வெறும் வம்புக்கதை இல்லை. அவருடைய கண் உருவான காலம் அது.

இரண்டு உதாரணங்கள். பாரிஸில் ஓர் அறுவைசிகிச்சையில் அகற்றப்பட்ட மார்பகத்தை வாங்கி வந்து, சாப்பாட்டுத் தட்டில் வைத்து, பக்கத்தில் கத்தியும் முள்கரண்டியும் வைத்துப் படம் எடுத்தார். பெண்ணுடம்பைத் துண்டு துண்டாக வெட்டி அழகு பார்த்த சர்ரியலிஸ ஆண்களுக்கு, இந்தாங்க சாப்பிடுங்க என்று பரிமாறியதுபோல இருக்கும். இன்னொன்று, 1937இல் எகிப்தின் சீவா பாலைவனச் சோலைக்கு அருகில் எடுத்த ‘வெளியின் உருவப்படம்’. கூடாரத்தின் கிழிந்த கொசுவலை. அதில் தொங்கும் ஒரு சின்னச் சட்டகம். கிழிசலுக்கு அப்பால் பாலைவனம். ஒரு கிழிசலின் வழியாக எட்டிப்பார்ப்பது, பார்த்தவுடன் அங்கே ஒன்றுமில்லாத பரப்பு இருப்பது. பின்னாளில் குண்டு விழுந்த ஊர்களை அவர் பார்த்ததும் ஏறக்குறைய இப்படித்தான். இந்தக் கண்ணோடுதான் அவர் போருக்குள் போனார். போர் அவருக்குக் கண்ணைக் கொடுக்கவில்லை, வேலை கொடுத்தது.

3

லண்டனில் அவர் பிரிட்டிஷ் ‘வோக்’கில் சேர்ந்தார். ஆசிரியர் ஆட்ரி விதர்ஸ். துணிக்கடை விளம்பரங்களுக்கு நடுவே போரைப் பற்றி எழுத இடம் கொடுத்த பெண்மணி. 1940இல் குண்டுவீச்சு ஆரம்பித்ததும் லீ தெருவில் இறங்கினார். அந்தக் காலத்துப் படம் ஒன்றில் நசுங்கிப்போன ஒரு ரெமிங்டன் டைப்ரைட்டர். தலைப்பு ‘ரெமிங்டன் சைலண்ட்’.   டைப்ரைட்டர் வாயடைத்துப்போய்க் கிடக்கிறது. பிணமே இல்லாத போர்ப் படம்.

1942 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற போர்ச் செய்தியாளர் ஆனார். பெண்கள் சண்டை நடக்கும் இடத்துக்குப் போகக்கூடாது என்பது விதி. 1944 ஆகஸ்ட்டில் பிரான்ஸின் சான் மாலோ துறைமுகத்துக்கு அவரை அனுப்பினார்கள். ஊர் பிடிபட்டாயிற்று, இனி சிவில் நிர்வாகம்தான் என்று நம்பி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் முற்றுகை நடந்துகொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. நேபாம் வீச்சையும் படமெடுத்தார், தணிக்கை அந்தப் படங்களைத் தடுத்தது. விதியை மீறியதற்காகச் சில நாள் வீட்டுக்காவல்.

இங்கே கருவியைப் பற்றிக் கொஞ்சம். அவர் அதிகமும் பயன்படுத்தியது ரோலிஃப்ளெக்ஸ். இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேலேயுள்ள கண்ணாடிப் பரப்பில் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். பிம்பம் இடவலம் மாறித் தெரியும். ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான், பிறகு மாற்ற வேண்டும். லென்ஸ் மாறாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்க வழியே இல்லை. கிட்டத்தில் வேண்டும் என்றால் நடந்து போகணும். இன்றைக்கு ஒரு விநாடிக்குள் இருபது ஷாட் அடிக்கும் நமக்கு இது சிரமமாகத் தோன்றலாம். ஆனால் லீயின் போர்ப் படங்களில் உள்ள நெருக்கம் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. அவருடைய படத்தில் ஒரு முகம் பெரிதாகத் தெரிந்தால், அந்த முகத்திலிருந்து சில அடி தள்ளி அவர் நின்றிருக்கிறார் என்று அர்த்தம். குனிந்த தலையோடு.

1945 ஏப்ரலில் லைப்சிக் நகரமன்றக் கட்டடத்தில் நகரப் பொருளாளர் குடும்பத்தோடு தற்கொலை செய்துகொண்டார். அதே அறையை மார்கரெட் போர்க்-ஒயிட்டும் எடுத்தார். மேலிருந்து, மேசையும் சடலங்களும் ஒரே சட்டகத்தில் அடங்கும்படி. சம்பவத்தின் ஆவணம் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாத படம். லீ கீழே இறங்கி, சோபாவில் கிடந்த மகளின் பக்கத்தில் போனார். கையில் செஞ்சிலுவைப் பட்டை கட்டிய இளம் பெண். தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பற்கள் தெரிகின்றன. பல்வரிசை எவ்வளவு அழகு என்று லீ தன் கட்டுரையில் எழுதவும் செய்தார். படத்தைப் பார்த்தால் பேஷன் பத்திரிகையில் தூங்கும் மாடல் போலவே இருக்கும். பார்ப்பவருக்கு ஒரு நொடி அழகாகத் தோன்றி, அடுத்த நொடி தன் மேலேயே அருவருப்பு வரும். அந்த ஒரு நொடியை நமக்குக் கொடுக்க, வருடக்கணக்கில் மாடலாகக் கிடந்து பார்த்தவரால்தான் முடியும். எதிரியின் மகளை அவர் மன்னிக்கவும் இல்லை, அசிங்கப்படுத்தவும் இல்லை.

ஏப்ரல் 30ஆம் தேதி டாஹாவ். முகாம் விடுவிக்கப்பட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சடலங்கள் அடைத்த ரயில் பெட்டிகளை எடுத்தார். கால்வாயில் மிதந்த காவலனை எடுத்தார். பத்திரிகைக்குத் தந்தியடித்தபோது, இது உண்மை என்று நம்புங்கள் என்று கெஞ்சியிருந்தார். அமெரிக்க ‘வோக்’ 1945 ஜூன் இதழில் நம்பச் சொல்லும் தலைப்போடு அவற்றை வெளியிட்டது. பிரிட்டிஷ் ‘வோக்’ வெற்றிக் கொண்டாட்ட மனநிலையில் இருந்தது. அதற்கு ஒரு சிறிய படம் போதுமானதாக இருந்தது.

4

அன்று இரவே அந்தக் குளியல்தொட்டி.

மியூனிக்கில் ஹிட்லரின் அடுக்குமாடி வீட்டில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்தார்கள். லீயும் அவருடைய சக புகைப்படக்காரர் டேவிட் ஷெர்மனும் அங்கே போனார்கள். ஹிட்லரின் குளியல்தொட்டியில் லீ உட்கார்ந்து குளிக்கிறார். தொட்டியின் விளிம்பில் ஹிட்லரின் உருவப்படம். வலப்பக்கம் மேசையில் ஒரு சின்னச் சிலை. கீழே வெள்ளைக் கால்மிதியில் அவருடைய பூட்ஸ், அதன் சேறு காலையில் டாஹாவில் ஒட்டியது. அதே நாளில்தான் பெர்லினில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார்.

லீ மில்லர் என்று கூகுளில் தேடினால் முதலில் வரும் படங்களில் இது ஒன்று. அற்புதமான படம்தான். ஆனால் இதை எடுத்தவர் ஷெர்மன். லீ அதைத் திட்டமிட்டார், பொருட்களை அடுக்கினார் என்பதெல்லாம் உண்மை. ஷெர்மன் யூதர். அவரும் அதே தொட்டியில் இறங்க, லீ அவரைப் படமெடுத்தார். கொன்றவனின் தொட்டியில் ஒரு யூதன் தலைக்குக் குளிக்கும் படம். அர்த்தத்தில் அதுதான் கனமானது என்று நினைக்கிறேன். அது யாருக்கும் நினைவில் இல்லை.

ஏன் இல்லை? அழகான பெண் ஒருத்தி தொட்டியில் இருக்கும் படத்தின் முன் அது நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். கேமராவுக்கு முன்னாலிருந்து பின்னால் போக லீ பதினைந்து வருடம் உழைத்தார். அப்பாவின் கேமரா, ஸ்டைகனின் கேமரா, மான் ரேயின் கேமரா, எல்லாவற்றையும் தாண்டி வந்தார். வரலாறு அவரைத் தோளில் பிடித்துத் திருப்பி மறுபடியும் முன்னால் உட்காரவைத்தது. ‘லீ’ படமும் இந்தக் காட்சியைத்தான் ஆசையாகக் கட்டியெழுப்புகிறது. லைப்சிக் சோபாவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

5

சரி, கோட்டுக்கு வருவோம். என் தொழிலில் ஏதாவது ஒரு சிஸ்டம் விழுந்துவிட்டால் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது லாக்கில் உள்ள நேரத்தை. காரணம் என்று சொல்லப்படுவது விளைவுக்குப் பிறகு நடந்திருந்தால் அது காரணமே இல்லை. லீயின் வாழ்க்கையையும் அப்படி ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

போர் 1945 மேயில் ஐரோப்பாவில் முடிந்தது. மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். லீ திரும்பவில்லை. வியன்னா போனார். மருந்து கிடைக்காமல் மருத்துவமனையில் ஒரு குழந்தை சாவதைப் பார்த்து எடுத்தார். ஹங்கேரி போனார். 1946 ஜனவரியில் முன்னாள் பிரதமர் பார்தோஷி சுட்டுக்கொல்லப்படுவதை எடுத்தார். ருமேனியா போனார். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் மாத்திரை, நடுவில் மது. வீட்டுக்குப் போ என்று ஷெர்மன் தந்தியடிக்க வேண்டியிருந்தது. பத்திரிகைகளுக்கோ புதிய பாவாடைகளின் நீளம் தேவைப்பட்டது. சாட்சி சொல்லிக்கொண்டே இருந்த ஒருவரைச் சுற்றி விசாரணை மன்றம் கலைந்து போய்விட்டது.

ஆன்டனி பிறந்தது 1947 செப்டம்பர். லீக்கு நாற்பது வயது. அதாவது சரிவு தொடங்கிய பிறகுதான் குழந்தை வந்தது. இதைத் தாய்மையின் கணக்கில் எழுதுவது லாக்கைப் பார்க்காமல் சொல்லும் காரணம். போர் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்புக்கு அமெரிக்க உளவியல் கையேட்டில் இன்று நாம் சொல்லும் பெயர் ஏறியது 1980இல். லீ 1977இலேயே இறந்துவிட்டார். அவருக்கு வந்தது இன்னதென்று சொல்ல அவர் வாழ்ந்த காலத்தில் ஒரு சொல் இல்லை. இருந்த சொற்கள்: குடிகாரி, சரியில்லாத அம்மா.

இதை எழுதும்போது ஆன்டனியின் பக்கத்தை லேசாகக் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை. குடிக்கிற அம்மாவோடு வளர்ந்த பிள்ளையின் கஷ்டம் வெறும் ‘கோணம்’ கிடையாது. அவருக்கு அம்மாவின் போர் வாழ்க்கை பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியாது, யாராவது கேட்டால் லீ பேச்சை மாற்றிவிடுவார். அவர் இறந்த பிறகு, ஆன்டனியின் மனைவி சூசன்னா சசெக்ஸில் உள்ள ஃபார்லி பண்ணை வீட்டின் பரணில் ஏறினார். தங்களுக்குப் பிறந்திருந்த மகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆன்டனியின் குழந்தைப்பருவப் படம் கிடைக்குமா என்று தேடப் போனவருக்கு, சான் மாலோ கட்டுரையின் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. பிறகு பெட்டி பெட்டியாக. நெகட்டிவ், பிரதி, தாள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60,000. மகனும் மருமகளும் பல வருடங்களை அதைத் தரம்பிரித்து, பாதுகாத்து, உலகத்துக்குக் காட்டுவதில் செலவழித்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுத விஷயமே இருந்திருக்காது.

ஆன்டனி 1985இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பு ‘லீ மில்லரின் வாழ்க்கைகள்’. பன்மை. எனக்கு அந்தப் பன்மை முக்கியம். காயப்பட்ட ஒரு மகன், தன் அம்மா ஒரே ஆளாக இல்லை, தன்னால் அவரை முழுதாகப் பிடிக்க முடியாது என்று தலைப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். அந்தப் புத்தகத்தை ஆதாரமாகக் கொண்ட சினிமா நாற்பது வருடம் கழித்து அந்தப் பன்மையை ஒரே பெயராக, ஒரே பூட்டாக மாற்றி அதற்கு ஒரு சாவியும் தேடுகிறது. தன் டாஹாவ் படங்கள் அச்சாகவில்லை என்று தெரிந்து லீ ‘வோக்’ அலுவலகத்தில் கத்தரிக்கோலை எடுத்து அவற்றை வெட்டுகிறார். அந்தக் கொதிப்பின் நடுவே, ஏழு வயதில் நடந்த வன்புணர்வை ஆட்ரியிடம் சொல்கிறார். வின்ஸ்லெட்டின் நடிப்பில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் திரைக்கதை என்ன செய்கிறது பாருங்கள். வதைமுகாமை உலகம் பார்க்க மறுக்கிறதே என்ற கோபம் ஒரு நிமிஷத்தில் சொந்தக் காயத்தின் கோபமாக மாற்றப்படுகிறது. அவர் ஏன் போருக்குப் போனார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட திருப்தியோடு நாம் அடுத்த காட்சிக்குப் போகிறோம்.

ராபர்ட் கப்பாவிடம் இந்தக் கேள்வியை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவர் போனார், எடுத்தார், முடிந்தது. டான் மக்கலின் வியட்நாமிலும் பயாஃப்ராவிலும் படமெடுத்தபோது அவருக்கு வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். ‘தகப்பனாகும் முன் ஒரு சாகச வாழ்க்கை’ என்று அவரைப் பற்றி ஒரு கட்டுரை எங்காவது வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

6

நம் காலத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. லின்சி அடாரியோ. ஆப்கானிஸ்தான், ஈராக், டார்ஃபூர் என்று படமெடுத்தவர். 2011 மார்ச்சில் லிபியாவில் மூன்று சகாக்களோடு கடாஃபி படையினரிடம் பிடிபட்டு ஆறு நாள் சிறையிருந்தார். அதே வருடக் கடைசியில் அவருக்கு மகன் பிறந்தான். கர்ப்பமாக இருந்தபோதே சோமாலியாவிலும் காஸாவிலும் வேலை செய்தார். 2015இல் தன் நினைவுக்குறிப்பை எழுதினார். 2022 மார்ச்சில் உக்ரைனின் இர்பின் நகரில், தப்பியோடும் வழியில் பீரங்கிக் குண்டுக்குப் பலியான ஒரு தாயையும் பிள்ளைகளையும் அவர் எடுத்த படம் ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் வந்தது. அப்போது அவர் இரண்டு பிள்ளைகளின் அம்மா.

அடாரியோவின் புத்தகத்தில் கர்ப்பம் ஓர் அத்தியாயம். அச்சம், குற்றவுணர்வு, சக ஆண்களின் பார்வை எல்லாம் உண்டு. ஆனால் அது கதையை இரண்டாக வெட்டும் கோடாக இல்லை. காரணம் எளிது, அவரே எழுதினார். லீயின் கதையை லீ எழுதவில்லை. அவர் போர்க்களத்திலிருந்து எழுதியவை இருக்கின்றன, நல்ல உரைநடை. தன்னைப் பற்றி எழுதவில்லை. எனவே மற்றவர்கள் கோடு போட்டார்கள்.

இது ஏதோ தூர தேசத்துப் பழங்கதை இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நானும் எதிர்ப்பக்கம் உட்கார்வதுண்டு. ஒரு பெண்ணின் ரெஸ்யூமில் இரண்டு வருட இடைவெளி இருந்தால், முன்பு செய்த வேலையைப் பற்றிய கேள்விகள் கடந்தகாலத்தில் வரத் தொடங்கும். “அப்ப நீங்க டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ்ல இருந்தீங்க, இல்ல?” இருந்தீங்க. எதிரே இருப்பவர் போன வாரம்கூட அதே விஷயத்தில் கோட் எழுதியிருக்கலாம். யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அந்த இறந்தகால விகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. லீ மில்லரின் கதையில் நான் பார்ப்பது அதே விகுதியைத்தான்.

7

அந்த விகுதி பொய் என்பதற்கு ஆதாரம் ஃபார்லி பண்ணையிலேயே இருக்கிறது.

1953இல் பிரிட்டிஷ் ‘வோக்’கில் லீயின் ஒரு படக்கட்டுரை வந்தது. ‘வேலை செய்யும் விருந்தாளிகள்’ என்பது தலைப்பு. மகனுக்கு அப்போது ஐந்து வயது. வார இறுதியில் பண்ணைக்கு வரும் பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு வேலை செய்கிறார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஆல்ஃப்ரெட் பார் பன்றிகளுக்குத் தீனி போடுகிறார். கார்ட்டூனிஸ்ட் ஸால் ஸ்டைன்பெர்க் தோட்டத்து ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டுகிறார். எல்லோரையும் வேலை வாங்கியாகிவிட்டது. கடைசிப் படத்தில் வீட்டுக்காரி லீ சோபாவில் படுத்து நிம்மதியாகத் தூங்குகிறார்.

இதைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்தேன். இல்லத்தரசி என்ற வேஷத்தை ஒருவர் இதைவிட நறுக்கென்று கேலி செய்ய முடியுமா தெரியவில்லை. தட்டில் மார்பகத்தைப் பரிமாறிய அதே கை, அதே குறும்பு, இருபது வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது. லைப்சிக் சோபாவை நினைத்துக்கொண்டு பார்த்தால் கடைசிப் படம் வேறு மாதிரியும் தெரியும். ‘லீ’ படத்தில் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை. இருந்திருந்தால் போருக்குப் பிறகு வெறும் சாம்பல்தான் மிச்சம் என்ற கதைக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும்.

இந்தக் கட்டுரையோடு அவருடைய பத்திரிகை வாழ்க்கை ஏறக்குறைய நின்றுபோனது. ஒவ்வொரு கட்டுரையும் எழுதி முடிப்பதற்குள் அவரும் வீடும் படும் பாடு தாங்காமல், இனி லீயை எழுதச் சொல்லாதீர்கள் என்று ரோலண்ட் ரகசியமாக ஆட்ரிக்குக் கடிதம் எழுதினார். ஆன்டனியின் புத்தகம்தான் இதைச் சொல்கிறது. அன்பினால் எழுதிய கடிதமாகவே இருக்கட்டும். ஒரு புகைப்படச் செய்தியாளரின் வேலை எப்படி முடிந்தது என்று கேட்டால், தொட்டிலைவிட இந்தக் கடிதத்தைத்தான் நான் காட்டுவேன். அவருக்குத் தெரியாமல் அவருடைய வேலையை இன்னொருவர் முடித்துவைத்தார்.

அதன்பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. சமையலில் இறங்கினார். பாரிஸில் போய் முறையாகப் படித்தார், போட்டிகளில் ஜெயித்தார், விருந்தாளிகளை மிரளவைக்கும் நிறங்களில் சாப்பாடு செய்தார். வழக்கமான கதையில் இது ஒரு வீழ்ச்சி, போர்க்களத்திலிருந்து அடுப்படிக்கு. 2017இல் அவருடைய பேத்தி அமி பூஹஸான் இந்தச் சமையலைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் கொண்டுவந்தார். சூசன்னா பரணில் ஏறியபோது கைக்குழந்தையாக இருந்தவர் இவர்தான். பாட்டியால் காயப்படாத தலைமுறை. அதனால்தானோ என்னவோ, மகன் பரணில் தேடியதைப் பேத்தி அடுப்படியிலும் கண்டெடுத்தார். சமையலும் லீயின் வேலைகளில் ஒன்று என்று அவரால் பார்க்க முடிந்தது.

‘லீ’ மோசமான படம் என்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாவிட்டால் பல பேருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. பாருங்கள். பார்த்து முடித்த கையோடு மூன்று படங்களைத் தேடிப் பாருங்கள்: நசுங்கிய டைப்ரைட்டர், லைப்சிக் சோபா, 1953இன் சோபா. மூன்றுமே இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது எதிர் நாற்காலியில் மகனை உட்காரவைக்காதீர்கள். குனிந்த தலையோடு கண்ணாடிப் பரப்பைப் பார்த்துக்கொண்டு, அடுத்த அடி எங்கே வைப்பது என்று யோசிக்கும் ஓர் ஆளை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.